சைக்கிள் ஓட்டத் தெரியும். சாலையில் ஓட்டத் தெரியுமா?

“சைக்கிள் ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் “தெரியுமே” என்று உடனே சொல்லிவிடுவோம். ஏழெட்டு வயதில், புளோக்கின் கீழே, அப்பாவோ அண்ணனோ பின்னால் பிடித்துக்கொள்ள ஓட்டக் கற்றவர்கள் நாம். ஒருமுறை கற்றால் வாழ்நாளுக்கும் மறக்காது என்பதும் உண்மைதான். ஆனால், அந்த வயதில் நாம் கற்றது கீழே விழாமல் முன்னே செல்வதை மட்டுமே. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் அகல டயரில், முன்னால் செல்பவரை நெருக்கமாகத் தொடர்ந்து, மழையில் நனைந்த சாலையில் ஓட்டுவதற்கு அது போதாது.

2020ஆம் ஆண்டில் கொவிட்-19 கிருமிப்பரவலால் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டபோது சிங்கப்பூரில் சைக்கிள் மோகம் தொடங்கியது. கடைகளில் சைக்கிள்கள் விற்றுத் தீர்ந்தன. அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்த என் வயதினர் பலர் இப்போது பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் இருக்கிறோம். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் ‘ரோட் பைக்’ வாங்கியவர்கள் எங்களில் உண்டு. சனி, ஞாயிறு விடியற்காலையில் மண்டாய், லிம் சூ காங், சாங்கி கரையோரச் சாலைப் பக்கம் சென்றால் எங்களைப் போன்றவர்களைக் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம்.

நான் இயந்திரப் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. ஓராண்டாக ஒரு சிறிய குழுவுடன் ஓட்டி வருகிறேன். இந்த ஓராண்டில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். ரோட் பைக்கிலிருந்து விழுவதற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்கள் மிகச் சிலவே, திரும்பத் திரும்ப வருபவை. அவற்றைத் தவிர்க்கக் கற்றுக்கொடுக்க முடியும். ஆனால், புதிதாக வருபவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

லாரியா, கண்ணேறா?

யாராவது சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு விளக்கங்கள்தான் கிடைக்கும். ஒன்று, “லாரிக்காரர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள்.” இன்னொன்று, “நேரம் சரியில்லை, கண் பட்டுவிட்டது.” சென்ற ஆண்டு என் தோழி ஒருத்தி விழுந்தபோது இரண்டையும் ஒரே நாளில் கேட்டேன். மருத்துவமனைக்கு ஓடி வந்த அவளுடைய அப்பாவின் முதல் கேள்வி, “எந்த வண்டி இடித்தது?” வீட்டுக்குப் போனதும் பாட்டி சூடம் சுற்றிப் போட்டார்.

உண்மையில் அன்று எந்த வண்டியும் இடிக்கவில்லை. காய்ந்த சாலை, நேரான பாதை, போக்குவரத்து இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுக்கு முன்னால் சென்றவர் தண்ணீர்ப் போத்தலை எடுக்க ஒரு கணம் மிதிப்பதை நிறுத்தினார். அவளுடைய முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைந்தது. அவர் சற்றே வலப்பக்கம் நகர, இரண்டு டயர்களும் உரசின. முன்னால் சென்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தோழிக்குக் காரை எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தின் தேர்வுகளை அவளால் எழுத முடியவில்லை. கை குணமாவதற்குள் வீட்டில் சைக்கிளை விற்றுவிட்டார்கள்.

அவள் நான்கு மாதங்களாக அந்தக் குழுவுடன் ஓட்டியவள். எந்தச் சக்கரம் எடை குறைவு, எந்தக் காலணி நல்லது, ‘ஸ்ட்ராவா’ செயலியில் யார் வேகம் அதிகம் என்றெல்லாம் அங்கே பேச்சு நடந்திருக்கிறது. ‘முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு உன் முன்சக்கரம் பக்கவாட்டில் சேரக்கூடாது’ என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. பாட்டியின் அன்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால், அவளுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது அந்த ஒரு வாக்கியம்.

உயிரிழப்பு என்று வரும்போது மோட்டார் வாகனங்களின் பங்கு பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால், சிராய்ப்பு, எலும்பு முறிவு, தலையில் அடி என்று பார்த்தால் வேறு வாகனமே சம்பந்தப்படாமல் விழுபவர்கள் ஏராளம். சைக்கிள் ஓட்டுவதற்குப் பெயர்பெற்ற நெதர்லாந்திலும் மருத்துவமனையில் சேர்க்கப்படும் சைக்கிளோட்டிகளில் பெரும்பாலோர் தாமாக விழுந்தவர்களே.

எதனால் விழுகிறோம்?

முதல் காரணத்தை மேலே பார்த்தோம். அதற்குப் பின்னால் உள்ள அறிவியல் எளிதானது. சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கமே ஹேண்டிலைச் சிறிதளவு திருப்பித்தான் நாம் சமநிலையை மீட்கிறோம். ஒவ்வொரு நொடியும் நம்மை அறியாமலேயே இதைச் செய்துகொண்டிருக்கிறோம். முன்சக்கரம் இன்னொரு சக்கரத்தின்மீது உரசி நிற்கும்போது திருப்ப வழியில்லை. அதனால் பின்னால் வருபவர் விழுகிறார். முன்னால் செல்பவர் தப்பிக்கிறார். ஆகவே முன்னால் உள்ளவருக்கு நேர்பின்னால், போதிய இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். முன்னால் செல்பவருக்கும் கடமை உண்டு. சொல்லாமல் பிரேக் பிடிக்கக்கூடாது. மேட்டில் சீட்டை விட்டு எழுந்து மிதிக்கும்போது சைக்கிள் ஒரு கணம் பின்வாங்கும். எழுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பிரேக். புதியவர்கள் பலர் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவார்கள். ‘தூக்கி எறிந்துவிடும்’ என்று சிறு வயதிலேயே கேட்டிருப்பார்கள். பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நிற்பதற்கும் நீண்ட தூரம் ஆகும். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்பக்கம் மாறுவதால் உண்மையில் அதிக வேலை செய்வது முன் பிரேக்தான். ஆனால் உடலை முன்னால் சாய்த்தபடி அதைச் சட்டென்று இறுக்கினால் தலைகுப்புற விழுவோம் என்பதும் உண்மை. இரண்டு பிரேக்குகளையும் படிப்படியாக அழுத்தி, அதே நேரத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. கைக்குப் பழக வேண்டும். நண்பரின் சைக்கிளை வாங்கி ஓட்டும்போது எந்தக் கையில் முன் பிரேக் உள்ளது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா சைக்கிளிலும் அது ஒரே பக்கம் இருப்பதில்லை.

வேகத்தின் கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 10 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை நோக்கி விரல் நகர ஒரு நொடி ஆனால், அதற்குள் 10 மீட்டர் கடந்திருப்போம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும்.

மூன்றாவது, வளைவு. டயருக்குத் தரையோடு உள்ள பிடிப்பு நம் கைச்செலவுப் பணத்தைப் போன்றது. பிரேக் பிடிக்கவும் வளையவும் இரண்டுக்கும் அதிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். வளைவின் நடுவில் பயந்து பிரேக்கை இறுக்கினால் பணம் தீர்ந்துவிடும், டயர் வழுக்கிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளையும் பக்கத்துப் பெடல் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் தரையில் இடித்து நம்மைத் தூக்கிப் போடும். கண் போகும் இடத்துக்கே சைக்கிளும் போகும் என்பதால் சாலையோரக் கல்லைப் பார்க்காமல் வெளியேற வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, சாலையின் மேற்பரப்பு. நம் ஊரில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. சில நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் மிக மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, பாதசாரிக் கடப்பு, இரும்பு மூடி, மரப்பலகைப் பாதை, உதிர்ந்த இலை ஆகிய எல்லாமே நனைந்தால் சவர்க்காரம் போட்டதுபோல் ஆகிவிடும். அவற்றின்மீது செல்வதைத் தவிர்க்க முடியாவிட்டால் பிரேக் பிடிக்காமல், வளையாமல், நேராகக் கடக்க வேண்டும். சக்கர வளையத்தைப் பிடிக்கும் பழைய வகை பிரேக்குகள் மழையில் தாமதமாகவே பிடிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காய்ந்த சாலையிலும் இரண்டு பொறிகள் உண்டு. சாலைக்கு இணையாகக் கம்பிகள் அமைந்த வடிகால் மூடியின் இடைவெளி, குறுகிய டயரை விழுங்கிவிடும். அதேபோல், சாலையிலிருந்து சைக்கிள் பாதைக்கு ஏறும் இடத்தில் உள்ள சிறிய விளிம்பும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். அதை ஒட்டியபடி சாய்வாக ஏற முயன்றால் டயர் விளிம்போடு சறுக்கி நம்மைக் கவிழ்க்கும். இயன்றவரை நேர்குத்தாகக் கடப்பதே வழி.

ஐந்தாவது, பெடலோடு பூட்டிக்கொள்ளும் காலணி. இதில் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான். காலை விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பதற்றத்தில் மேலே இழுத்தால் வராது. நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவோம். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்; பக்கத்துத் தடத்தில் பேருந்து வந்தால் அது வேடிக்கையல்ல. பெடலின் இறுக்கத்தைக் குறைத்து, புல்தரையில் பலமுறை பழகிய பிறகே இந்தக் காலணியோடு சாலைக்கு வர வேண்டும். நிற்பதற்குச் சில மீட்டர் முன்பே ஒரு காலை விடுவித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஆறாவது, சைக்கிளின் நிலை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் நெம்புகோல் இறுகியிருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, டயரில் வெட்டு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தம் என்பது தாண்டக்கூடாத எல்லை. அந்த அளவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்பதல்ல. அளவுக்கு மீறி இறுகிய டயர் கரடுமுரடான சாலையில் துள்ளும், பிடிப்பை இழக்கும். ஹேண்டிலில் பை மாட்டிக்கொண்டு போகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது ஆடிச் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கினால் சைக்கிள் அப்படியே நின்றுவிடும். நாம் நிற்க மாட்டோம்.

இவற்றோடு மாணவர்களுக்கே உரிய ஏழாவது காரணம் ஒன்றும் உண்டு: தூக்கமின்மை. இரவு இரண்டு மணி வரை ஒப்படைப்புப் பணி செய்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து 60 கிலோமீட்டர் ஓட்டுவதைச் சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். திரும்பும் வழியில், வெயில் ஏறிய பிறகு, தண்ணீரும் தீர்ந்த நிலையில், கவனம் தானாகக் கலையும். மேலே சொன்ன எல்லாத் தவறுகளும் அந்தக் கடைசி அரைமணி நேரத்துக்காகக் காத்திருக்கின்றன.

வாகனமோட்டிகளுக்குப் பொறுப்பில்லையா?

“அப்படியானால் விழுவது எல்லாம் சைக்கிளோட்டியின் குற்றமா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. சைக்கிளோட்டியைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடும்படி வாகனமோட்டிகளுக்கான கையேடு சொல்கிறது. அதைக் கடைப்பிடிக்காமல் உரசிச் செல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பின்னால் பார்க்காமல் கார்க் கதவைத் திறப்பவர்களும், சைக்கிளைக் கடந்த உடனே அதன் குறுக்கே இடப்பக்கம் திரும்புபவர்களும் நம் உயிரோடு விளையாடுகிறார்கள். அவர்களின் பொறுப்பு எந்த வகையிலும் குறையாது.

ஆனால், இங்கேயும் நமக்கு அறிவு தேவைப்படுகிறது. லாரியின் இடப்பக்க ஓரத்தில் நிற்கும் நம்மை ஓட்டுநரால் பார்க்க முடியாமல் போகலாம். சந்திப்பில் லாரி நின்றால் அதன் பக்கத்தில் நுழையாமல் பின்னாலேயே நிற்பது கோழைத்தனம் அல்ல. நிறுத்தப்பட்ட கார்களை ஒரு கதவின் அகலத்துக்குத் தள்ளியே கடக்க வேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். வாகனமோட்டி மாறும்வரை காத்திருக்கலாம். ஆனால், நாளைக் காலை சாலையில் இறங்கப்போவது நாம்தான்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

சட்டம் தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. 2019 பிப்ரவரி முதல் சாலையில் சைக்கிளோட்டுவோர் தலைக்கவசம் அணிவது கட்டாயம். 2021ஆம் ஆண்டில் சைக்கிளில் கைப் பிரேக் கட்டாயமாக்கப்பட்டது. 2022 ஜனவரி முதல் குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்களுக்கு மேல் போகக்கூடாது. ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இணையாகச் செல்ல அனுமதியுள்ள சாலைகளில் பத்துப் பேர். குழுக்களுக்கு இடையே இரண்டு விளக்குக் கம்பங்களின் இடைவெளி விடவும் ஆலோசனை கூறப்பட்டது.

இவை எல்லாம் நல்லவையே. ஆனால், சட்டம் தலையில் கவசம் இருக்கிறதா என்று பார்க்கும். தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. மின்சைக்கிள் ஓட்டுவோர் 2022 முதல் ஒரு கோட்பாட்டுத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். அந்த சைக்கிளின் மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் உதவுவதை நிறுத்திவிடும். இறக்கத்தில் 40 கிலோமீட்டரைத் தாண்டும் ரோட் பைக்கை ஓட்ட எந்தத் தேர்வும் இல்லை.

இதற்காகச் சைக்கிளுக்கும் உரிமம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2021இல் அந்த யோசனை ஆராயப்பட்டு, வேண்டாம் என்றே முடிவானது. வேலைக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போகும் எளியவர்களுக்கு அது சுமையாகியிருக்கும். எனக்குத் தேவை உரிமம் அல்ல, பாடம்.

நீச்சலில் நாம் இதைச் செய்திருக்கிறோம். 2010இல் தொடங்கிய ‘ஸ்விம்சேஃபர்’ திட்டத்தில், வேகமாக நீந்துவதோடு நீரில் ஆபத்திலிருந்து தப்பிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். நீந்தத் தெரிவதும் நீரில் பாதுகாப்பாக இருக்கத் தெரிவதும் வேறு வேறு என்று ஏற்றுக்கொண்ட நாம், சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஏன் ஏழு வயதில் கற்றதோடு நின்றுவிடுகிறோம்?

குழுக்கள் செய்யக்கூடியது

இதற்காக அமைச்சின் அறிவிப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்திலும் தொழிற்கல்லூரியிலும் உள்ள சைக்கிள் குழுக்கள் ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம்: புதியவர் சாலைக்கு வருமுன் இரண்டு மணி நேரம் ஆளில்லாத திடலில் பயிற்சி பெற வேண்டும். கோட்டின்மீது நேராக ஓட்டுவது, திரும்பிப் பார்த்தும் நேராகவே செல்வது, இரண்டு பிரேக்குகளையும் பிடித்துக் குறித்த இடத்தில் நிற்பது, ஒரு கையால் சைகை காட்டுவது, காலணியை விடுவிப்பது ஆகிய ஐந்தும் போதும். எங்கள் குழுவில் இரண்டு பருவங்களாக இதைச் செய்கிறோம். முதலில் சலித்துக்கொள்பவர்களே பிறகு புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

குழுவில் சேர நினைக்கும் தம்பி, தங்கைகளும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். புதியவர்களுக்குப் பயிற்சி உண்டா? பின்தங்கினால் காத்திருப்பீர்களா? முன்னால் உள்ள குழியை யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் சராசரி வேகத்தை மட்டும் சொல்லும் குழுவில் சேராதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உயர்நிலை நான்கில் படிக்கும் என் தம்பி ரோட் பைக் கேட்கிறான். அம்மா வேண்டாம் என்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தடை போட்டால், அவன் நண்பனின் சைக்கிளை, நண்பனின் தலைக்கவசத்தோடு, எங்களுக்குத் தெரியாமல் ஓட்டுவான். “வாங்கித் தருகிறோம், ஆனால் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு” என்று சொல்வது தடையைவிடப் பாதுகாப்பானது. அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால், ‘எங்கே கற்றுக்கொடுப்பாய்?’ என்று கேட்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அவரையும் திடலுக்கு அழைத்துப் போகிறேன்.